புளியந்தீவில் தனியாக ஒரு பகல்: முதல்முறை வருபவர்களுக்கு

மட்டக்களப்புக்குப் போய்வந்தேன் என்று சொல்லுகிற பாதிப்பேர் உண்மையில் பாசிக்குடாவுக்குத்தான் போய்வந்திருக்கிறார்கள். நகரத்திலிருந்து வடக்கே முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கடற்கரை அது. நல்ல இடம்தான், பிள்ளைகுட்டிகளோடு போய்க் குளிக்க அதைவிட்டால் வேறு இல்லை. ஆனால் தனி ஆளாக, ஒரேயொரு நாளைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவருக்கு நான் சொல்லும் இடம் வேறு. மட்டக்களப்பு நகரத்துக்குள்ளேயே வாவி சூழ்ந்து கிடக்கும் புளியந்தீவு. பாலங்கள் இருப்பதால் தீவுக்குள் நுழைந்துவிட்டோம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை, பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்து இறங்கி, தூங்கிக்கொண்டே போய்விடுகிறார்கள். படகு பிடிக்கத் தேவையில்லை, சீட்டு வாங்கத் தேவையில்லை, ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் காலாறவே நடந்துவிடலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே இடங்களைவிட நேரம்தான் முக்கியம். காலை ஆறிலிருந்து பத்து வரை ஒரு புளியந்தீவு, பின்னேரம் நாலரையிலிருந்து ஏழு வரை இன்னொரு புளியந்தீவு. நடுவில் இருப்பது வெயில். அந்த நேரத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்துவிட்டு "ஒன்றுமில்லாத ஊர்" என்று சொல்லிப் போகிறவர்கள் நிறையப் பேர். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பன்னிரண்டு மணி வெயிலில் எந்த ஊர்தான் நன்றாக இருக்கும்?

எந்த மாதம், எந்த நாள்

கார்த்திகை பிறந்ததும் வாடை மழை தொடங்கிவிடும், தை வரைக்கும் நம்ப முடியாது. மழை என்றால் சும்மா தூறல் இல்லை, வீதியும் வாவியும் ஒன்றாகிற மழை. அந்த மாதங்களை விட்டுவிடுங்கள். மாசி முடிந்து பங்குனி பிறந்தால் வானம் திறந்துவிடும், புரட்டாதி வரைக்கும் வரலாம். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும், சூடாக, உதட்டை வெடிக்க வைக்கிற காற்று, எங்கள் ஊர்க்காரர்களே அதைத் திட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். அந்தக் காலத்தில் வந்தால் தண்ணீர்ப் போத்தல் கையைவிட்டுப் போகக்கூடாது. ஆடி அமாவாசையை ஒட்டி அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழா நடக்கும். அது பார்க்க வேண்டிய விழா, ஆனால் அமைதியான நாளைத் தேடி வருகிறவருக்கு உரிய வாரம் அல்ல. பஸ்ஸில் நிற்கவும் இடம் இருக்காது.

கிழமையில் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்ப்பது நல்லது, கடைகளில் பாதி பூட்டியிருக்கும். ஆனால் தேவாலய மணியும் வெறும் வீதியும் பிடிக்கும் என்றால் ஞாயிறுதான் சரி, சாப்பாட்டுக்கு மட்டும் முன்யோசனை வேண்டும். வார நாளில் வந்தால் பள்ளிக்கூட நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். காலை ஏழேகாலுக்குத் தீவின் வீதிகளில் வெள்ளைச் சீருடையும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளில் மூன்று பேரும் என்று ஒரே வெள்ளம், எட்டு மணிக்கெல்லாம் வடிந்துவிடும்.

வந்து சேர்வது

கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. ஒரு பகலை இங்கே கழிக்க வருகிறவருக்கு வசதி இரவு ரயில். கொழும்புக் கோட்டையில் ஏறிப் படுத்தால் விடிவதற்குக் கொஞ்சம் முன்னே மட்டக்களப்பில் இறங்கலாம். எட்டு மணிநேரத்துக்குக் குறையாது. கல்ஓயா, வெலிக்கந்தைப் பக்கம் யானைகள் பாதையைக் கடக்கும் காடு, வண்டி மெதுவாகத்தான் போகும், தாமதமும் வரும், அதற்காகப் பதறாதீர்கள். ரயில் நேரம் அடிக்கடி மாறுகிறது, வெள்ளம் வந்தால் பாதையே மாறிவிடுகிறது. ஆகவே எங்கேயோ எழுதியிருப்பதை நம்பாமல் புறப்படும் முதல்நாள் 1919 க்கு அழைத்துக் கேளுங்கள். அரசாங்கத் தகவல் நிலையத்தின் எண் அது, தமிழிலும் பேசலாம். இரண்டாம் வகுப்பில் இருக்கை வேண்டுமென்றால் முன்பதிவு செய்துவிடுங்கள், நீண்ட விடுமுறை வரும் வாரங்களில் கடைசி நேரத்தில் கிடைக்காது.

யாழ்ப்பாணம், திருகோணமலை, கண்டியிலிருந்து வருகிறவர்களுக்கு நேரடி பஸ் இருக்கிறது. கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறைக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை, விடியப்புறம் புறப்பட்டால் காலைச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். கல்லடிப் பாலத்தைத் தாண்டும்போது இருக்கையில் எழும்பி உட்காருங்கள், அவ்வளவுதான்.

ரயிலில் வந்து இருட்டோடு இறங்கினால் உடனே வெளியே நடக்க வேண்டாம். ஆபத்தான ஊர் என்பதற்காகச் சொல்லவில்லை, அந்த நேரத்தில் வீதியில் நாய்களின் ராச்சியம். தனியாகப் பையோடு போகிறவரைக் கண்டால் அவை கூட்டமாக வந்து விசாரிக்கும். நிலையத்திலேயே முகம் கழுவி, அரைமணிநேரம் உட்கார்ந்து, கிழக்கு வெளுத்த பிறகு கிளம்புங்கள். நிலையம் இருப்பது தீவுக்கு வெளியே, வடக்கில். ஆட்டோவில் கோட்டமுனைப் பாலத்தடி என்று சொன்னால் போதும். ஏறுவதற்கு முன் காசைப் பேசிக்கொள்ளுங்கள். "எவ்வளவு அண்ணே?" என்று கேட்டு, அவர் சொன்ன தொகை கூடுதலாகத் தெரிந்தால் சிரித்துக்கொண்டே குறைத்துக் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, இறங்கிய இடத்திலிருந்து நடைதூரம்தான்.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஒரே ஒரு பை, அதுவும் முதுகில் போடுகிற பை. நாள் முழுக்க அதைத் தூக்கிக்கொண்டுதான் நடக்கப் போகிறீர்கள். தொப்பி அல்லது குடை (குடை மேல், நிழலோடு நடக்கிற மாதிரி), தண்ணீர், அடையாள அட்டை, போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க், மாற்றுச் சட்டை ஒன்று. சில்லறைத் தாள்கள் கட்டாயம், தேத்தண்ணிக் கடையில் ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் கடைக்காரர் உங்களைப் பார்க்கிற பார்வையே வேறு. நுளம்புக்குப் பூசுகிற ஏதாவது ஒன்று, இங்கே டெங்கு வருடா வருடம் எட்டிப் பார்க்கிற நோய், வாவிக்கரையில் பொழுதுபடும் நேரத்தில் நுளம்பு சும்மா விடாது. கழற்றி மாட்டச் சுலபமான செருப்பு, ஏனென்றால் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று எங்கே நுழைந்தாலும் கழற்ற வேண்டிவரும். முழங்கால் மறைக்கிற உடுப்பாக இருந்தால் எந்த வாசலிலும் தயங்கத் தேவையில்லை.

குளிக்கிற உடுப்பு எடுத்துவரலாமா என்று கேட்பவர்களுக்கு: வாவியில் இறங்கவே கூடாது. பார்க்க அசையாத தண்ணீர், குளம் மாதிரி அழைக்கும், ஆனால் உள்ளே முதலை இருக்கிறது. கட்டுக்கதை இல்லை, நகரத்துக் கரையிலேயே அவ்வப்போது தலை காட்டும், மீன்பிடிக்கிறவர்களுக்கு அது எங்கே வெயில் காயும் என்றுகூடத் தெரியும். கரையில் புல்லும் சேறும் கலந்த இடத்தில் கால் நீட்டி உட்காருவதையும் விட்டுவிடுங்கள், கட்டியிருக்கிற கல்லணையில் உட்காருங்கள்.

காலை ஆறு மணி: பாலத்தடி

பாலத்தின் நடுவில் நின்றுகொள்ளுங்கள், ஓரமாக. இந்த வாவி தெற்கே கல்லாறு, களுவாஞ்சிக்குடி எல்லாம் தாண்டிப் போகிறது, நீளம் 56 கிலோமீட்டர். அதன் வாய்க்குக் கிட்ட, கொஞ்சம் உள்ளே தள்ளி, இந்தத் தீவு கிடக்கிறது. அந்த நேரத்தில் தோணிகள் வேலையில் இருக்கும். வீச்சு வலைக்காரர் ஒருவரைப் பார்த்து வைத்துக்கொண்டு அவரையே கவனியுங்கள். வலையை முழங்கையில் மடித்துப் போடுவார், விளிம்பில் ஒரு நுனியைப் பல்லால் கடித்துப் பிடிப்பார், மிச்சத்தை இரண்டு கையாலும் பிரித்துக்கொண்டு இடுப்பிலிருந்து ஒரு சுழற்று சுழற்றுவார், பல் விடுவதும் கை விடுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். வலை வட்டமாக விரிந்து விழுந்தால் சரி. அப்படி விழாத வலையும் உண்டு, அப்போது அவர் சுற்றும் முற்றும் பார்ப்பார். தோணி அந்த வீச்சில் ஆடும், ஆனால் கவிழாது. இதைப் பார்க்கவே இருபது நிமிடம் போய்விடும், போகட்டும், தனியாக வந்ததன் வசதியே அதுதான், "போதும் வா" என்று இழுக்க ஆள் இல்லை.

பாலத்தைக் கடந்து தீவுக்குள் வந்தால் காந்திப் பூங்கா, வாவியைப் பார்த்தபடி. பக்கத்தில் மட்டக்களப்பு வாசல் என்று பழைய தோணித்துறையின் நினைவாக ஒரு வாயில் நிற்கிறது. பாலங்கள் இல்லாத காலத்தில் ஊருக்கு வந்தவர்கள் தண்ணீர் வழியாக வந்திறங்கிய இடம். 1814 இல் வந்த வெஸ்லியன் மிஷனரி வில்லியம் ஓல்ட் இறங்கியது இங்கேதான். வந்த வருடமே பள்ளிக்கூடம் தொடங்கினார், அடுத்த வருடமே நோயில் இங்கேயே இறந்தும் போனார். அந்தப் பள்ளிக்கூடம்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. காலையில் பூங்காவில் நடைப்பயிற்சிக்காரர்கள் இருப்பார்கள். ஒருவராவது உங்களைப் பார்த்து "எங்க இருந்து வாறீங்க தம்பி?" என்றோ "யாரு வீட்ட வந்த மகள்?" என்றோ கேட்பார். துருவல் என்று நினைக்க வேண்டாம், இந்த ஊரில் அது வணக்கம் சொல்வதற்குப் பதிலாகக் கேட்பது. "சும்மா ஊர் பார்க்க வந்தேன்" என்று சொல்லுங்கள். எங்கே சாப்பிடலாம், கோட்டைக்கு எப்படிப் போவது என்று கேட்க இவர்களைவிட நல்ல ஆள் கிடைக்காது.

காலைச் சாப்பாட்டுக்கு விடுதி தேடாதீர்கள். கண்ணாடி அலுமாரிக்குள் இடியப்பத் தட்டுகள் அடுக்கியிருக்கிற எந்தச் சின்னக் கடையும் போதும். இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல், கேட்டால் ஒரு மீன் குழம்பு. தனியாக உட்கார்ந்தால் மேசைக்கு எதிரில் வேறொருவர் வந்து உட்காருவார், அது வழக்கம்.

கோட்டை

எட்டரை, ஒன்பது மணிக்குக் கோட்டைக்குப் போங்கள், வெயில் மதிலில் ஏறும் முன். போர்த்துக்கேயர் 1628 இல் கட்டியது. பத்து வருடம்கூட ஒழுங்காக வைத்திருக்க விடவில்லை, 1638 மே மாதம் ஒல்லாந்தர் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள். இலங்கையில் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த முதல் கோட்டை இதுதான். காலி, யாழ்ப்பாணம் எல்லாம் பிறகு. இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் வெட்டிய அகழி. பெரிய கோட்டையை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான், காலிக்கோட்டையின் ஒரு மூலைக்குள் இதை வைத்துவிடலாம். ஆனால் காலியில் நிற்கிற கூட்டம் இங்கே இல்லை.

நீண்டகாலம் மாவட்டக் கச்சேரி, அதாவது அரசாங்கச் செயலகம், இயங்கியது இந்த மதிலுக்குள்தான், கோப்புக் கட்டுகளோடு மனு கொடுக்க வந்தவர்கள் ஏறி இறங்கிய படிகள் இவை. ஆகவே வாசலில் நிற்கிற காவலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போங்கள், அடையாள அட்டை கேட்டால் காட்டுங்கள். சீருடையில் நிற்பவர்களைப் படம் எடுக்க வேண்டாம். மதில்மேல் ஏறியதும் வாவிப்பக்க மூலைக் கொத்தளத்துக்குப் போய், அங்கே கிடக்கிற பழைய பீரங்கி பார்க்கிற திசையிலேயே நீங்களும் பாருங்கள். யார் எந்த வழியால் வருவார்கள் என்று அன்றைக்கு நினைத்தார்கள் என்பது விளங்கும். கைப்பிடிச் சுவர் எல்லா இடத்திலும் இல்லை, செல்பிக்காகப் பின்னால் நகராதீர்கள், தனியாக வந்திருக்கிறீர்கள், பிடிக்க ஆளில்லை.

தீவின் உள்வீதிகள்

கோட்டையை விட்டு வந்தபின் வரைபடத்தை மூடிவிடுங்கள். தீவு சின்னது, எந்தப் பக்கம் நடந்தாலும் கடைசியில் தண்ணீர் வந்து வழிகாட்டும். ஆனைப்பந்தி சித்தி விநாயகர் கோயிலும் புனித மரியாள் பேராலயமும் பள்ளிக்கூடங்களும் ஒன்றுக்கொன்று கூப்பிடுதூரத்தில். பேராலயத்துக்குள் போனால் கொஞ்ச நேரம் உட்காருங்கள். 2005 நத்தார் நள்ளிரவு ஆராதனையின்போது நாடாளுமன்ற உறுப்பினர் யோசப் பரராசசிங்கம் சுட்டுக்கொல்லப்பட்டது இங்கே. ஊரில் இப்படிச் சொல்லவேண்டிய இடங்கள் இன்னும் உண்டு, 2019 உயிர்த்த ஞாயிறு அன்று குண்டு வெடித்த சீயோன் தேவாலயமும் இதே நகரத்தில்தான். அங்கெல்லாம் போய்ப் படமெடுப்பதைப் பயணத்திட்டத்தில் சேர்க்காதீர்கள். யாராவது தானாகச் சொன்னால் கேளுங்கள்.

தீவில் பறங்கியர் குடும்பங்களும் இருக்கிறார்கள். போர்த்துக்கேய வழிவந்தவர்கள், வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோல் பேசிய தலைமுறை இன்னும் முழுதாக மறைந்துவிடவில்லை, வெளியே எங்களைப் போலவே மட்டக்களப்புத் தமிழ். தச்சுவேலை, இரும்புவேலைக்குப் பேர்போனவர்கள், கலியாண வீட்டில் பைலா தொடங்கினால் விடியும். சுனாமி 2004 இல் கடற்கரைப் பக்கம் டச்பாரில் இருந்த அவர்களுடைய குடியிருப்பைத் துடைத்துவிட்டுப் போனது. அதன்பிறகு பலர் உள்ளே தள்ளிக் குடியேறினார்கள்.

புனித மிக்கேல் கல்லூரிப் பக்கம் போனால் கூடைப்பந்துத் திடலை எட்டிப் பாருங்கள். 1873 இல் தொடங்கிய பள்ளிக்கூடம், அமெரிக்காவிலிருந்து வந்த இயேசுசபைக் குருமார் இங்கே கூடைப்பந்தைக் கொண்டுவந்து விதைத்துவிட்டார்கள், மற்ற ஊர்ப் பையன்கள் கிரிக்கெட் மட்டையோடு திரிந்த காலத்திலேயே மட்டக்களப்புப் பையன்கள் பந்தைத் தட்டிக்கொண்டு திரிந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவரான ஹேபர்ட் அடிகளார் 1990 ஆகஸ்டில் காணாமல் போனவர், இன்றுவரை என்னவானார் என்று தெரியாது. பள்ளி நேரத்தில் உள்ளே நுழையாதீர்கள், வெளியிலிருந்து பார்த்தால் போதும்.

பதினொன்றிலிருந்து நாலு வரை

இந்த ஐந்து மணிநேரத்தைச் சமாளிப்பதுதான் தனிப் பயணியின் உண்மையான சோதனை. கூட ஆள் இருந்தால் கதைத்தே கழித்துவிடலாம். என் யோசனை, மத்தியானச் சாப்பாட்டைப் பெரிதாக வைத்துக்கொண்டு அதைச் சுற்றி நேரத்தைக் கட்டுவது.

பதினொரு மணிவாக்கில் மீன் விற்கிற பக்கம் ஒரு சுற்றுப் போகலாம். சின்ன மீனும் இறாலும் கூறு போட்டு வைத்திருப்பார்கள், நண்டு கால் கட்டியபடி அசைந்துகொண்டிருக்கும். நீங்கள் வாங்கப் போவதில்லை, ஆனால் மத்தியானம் எதைக் கேட்கலாம் என்று தெரிந்துகொள்ளலாம். பிறகு சோற்றுக் கடையில் உட்கார்ந்ததும் "இண்டைக்கு என்ன மீன்? ஆத்துமீனா கடல்மீனா?" என்று கேளுங்கள். இங்கே வாவியை ஆறு என்றுதான் சொல்லுவோம். ஆத்துமீன் என்றால் செல்வன், மணலை, ஓரா, கொய் என்று ஏதாவது வரும். செல்வன் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம். கொய்யில் முள் அதிகம், பழக்கமில்லாதவர்கள் அவசரப்படக் கூடாது, ஆனால் ருசிக்கு அதுதான் என்று சண்டைபிடிக்கிறவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். இறால் இருந்தால் பிரட்டலாகக் கேளுங்கள். நண்டை மட்டும் தனியாக வந்த அன்று விடுங்கள், ஒரு ஆளுக்கு விலையும் கூடுதல், இரண்டு கையும் அதிலேயே மாட்டிக்கொள்ளும், போன் அடித்தால் எடுக்க முடியாது. விலை எழுதிவைக்காத கடையில் மீனுக்கு எவ்வளவு என்று முன்னரே கேட்டுவிடுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

சாப்பாடு முடிய ஒரு கோப்பை தயிர். எருமைத் தயிர், வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைப் பக்கமிருந்து சட்டி சட்டியாக வருவது, கவிழ்த்தாலும் விழாத இறுக்கம். பாணி விட்டுச் சாப்பிடலாம், சீனியும் போடலாம். கொழும்புக் கடைகளில் விற்பதோடு இதை ஒப்பிட்டுச் சண்டை வளர்க்க விரும்பவில்லை.

மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சைவக் கடைகள் உண்டு, செவ்வாய், வெள்ளியில் கூட்டம் கூடும், பன்னிரண்டரைக்கு முன்னே போய்விடுங்கள்.

அப்புறம் நிழல். கோயில் மண்டபம், பூங்காவின் பெரிய மரத்தடி, மின்விசிறி ஓடுகிற தேத்தண்ணிக் கடை, பொது நூலகம், எது பிடிக்கிறதோ அது. கொஞ்சம் காசு செலவழிக்கலாம் என்றால் ஒரு விடுதியில் பகலுக்கு மட்டும் அறை கேட்டுப் பாருங்கள், குளித்து இரண்டு மணிநேரம் படுத்து எழும்பினால் பின்னேரம் புது ஆளாகிவிடுவீர்கள். இரவு ரயிலில் வந்தவர்களுக்கு இதைத்தான் அழுத்திச் சொல்வேன். அந்த விடுதியிலேயே சைக்கிள் வாடகைக்கு உண்டா என்றும் கேளுங்கள்.

நாலரைக்குப் பிறகு: கல்லடி அல்லது முகத்துவாரம்

இரண்டையும் ஒரே பின்னேரத்தில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முடிக்கலாம், ஆனால் எதிலும் உட்கார நேரம் இருக்காது.

முகத்துவாரம் என்றால் பாலமீன்மடு வெளிச்சவீடு. கோட்டமுனையிலிருந்து பார் வீதியால் ஐந்து கிலோமீட்டர் போல. 1913 இல் கட்டியது, 28 மீட்டர் உயரம், வாவி கடலோடு சேருகிற இடத்துக்குப் பக்கத்தில். படகுச் சவாரி கிடைக்கும், கண்டல் காட்டோரமாகக் கொண்டுபோவார்கள். தனி ஆளுக்கு முழுப் படகுக் காசும் கேட்டால் வேறு குடும்பத்தோடு சேர்த்துவிடச் சொல்லுங்கள். உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஏறாதீர்கள், "இஞ்ச தண்ணி ஆழமில்ல" என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம். ஆட்டோவைப் போக, நிற்க, திரும்ப என்று மூன்றுக்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள், அங்கிருந்து இருட்டில் வண்டி பிடிப்பது கஷ்டம்.

எனக்குக் கல்லடிதான். கோட்டமுனைப் பாலத்தைத் திரும்பக் கடந்து, வாவியை வலதுகைப் பக்கம் வைத்துக்கொண்டு லேடி மெனிங் வீதியால் நடந்தால் போதும், அரைமணிநேர நடை. தோணிகள் கரையில் கவிழ்ந்து கிடக்கும், வலை உலரும், சின்ன ஒலியா பள்ளிவாசல் ஒன்று வழியில் வரும். பழைய கல்லடிப் பாலம் 1924 இல் திறந்த இரும்புப் பாலம், அப்போதைய ஆளுநர் மனைவியின் பெயரால் லேடி மெனிங் பாலம். பக்கத்தில் 2013 இல் திறந்த புதிய பாலம் வந்தபின் பெரிய வாகனங்களின் இரைச்சல் அதற்குப் போய்விட்டது. பழைய பாலத்தில் தூண்டில்காரர்கள் நிற்பார்கள். பொழுது படுவான்கரைப் பக்கம் சாயும்போது எதிர்வெளிச்சத்தில் முழு வாவியும் தெரியும்.

பாலத்துக்கு அப்பால் கல்லடி உப்போடையில் சுவாமி விபுலாநந்தரின் சமாதி, சிவானந்த வித்தியாலயத்தோடு. காரைதீவில் 1892 இல் பிறந்து, பழந்தமிழ் யாழை ஆராய்ந்து, 1947 இல் மறைந்தவர். இன்னும் நடந்தால் கடற்கரை. பின்னேரத்தில் ஊர் முழுக்க அங்கேதான், கச்சானும் (நிலக்கடலைதான், காற்று அல்ல) அவித்த சோளமும் விற்பார்கள். அலையில் கால் நனைக்கலாம், நீந்தப் போகாதீர்கள், இது பாசிக்குடாக் கடல் இல்லை, கரையிலேயே இழுவை இருக்கிறது, உங்களைப் பார்த்துக்கொள்ளக் கரையில் ஆளும் இல்லை.

பாடும் மீன் பற்றிக் கேட்காமல் யாரும் போவதில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். கல்லடிப் பாலத்தடியில் நிலவு நாளில் தண்ணீருக்குள்ளிருந்து நரம்பை மீட்டுகிற மாதிரி ஓர் ஓசை வருவதாகப் பல தலைமுறையாகக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி 1848 இல் கேட்டு எழுதிவைத்தார், 1950 களில் லாங் அடிகளார் அதை ஒலிப்பதிவே செய்தார். மீனா, ஊரி என்கிற நத்தையா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. கேட்க வேண்டுமென்றால் காற்றில்லாத பூரணை இரவு, வாகன இரைச்சல் அடங்கிய நேரம், ஒரு தோணி, துடுப்பின் ஒரு முனை தண்ணீரில் மறுமுனை காதில். பகல் பயணிக்கு இது வாய்க்காது. அதற்காகவே வருகிறீர்கள் என்றால் சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையில் ஒரு பூரணையைப் பார்த்து, ஓர் இரவு தங்குகிற மாதிரி வாருங்கள்.

தனியாக வரும் பெண்களுக்கு

வரலாம், நிறையப் பேர் வருகிறார்கள். பகலில் தீவுக்குள் எங்கே நடந்தாலும் கேள்விகள் வரும், தொந்தரவு குறைவு. பொழுதுபட்டபின் லேடி மெனிங் வீதியின் ஆளில்லாத துண்டுகளைத் தவிர்த்து, கல்லடியிலிருந்து திரும்ப பஸ் அல்லது ஆட்டோ பிடியுங்கள். ஆட்டோ இலக்கத்தை ஏறும்போதே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், ஓட்டுநருக்குத் தெரிகிற மாதிரியே. யாராவது பின்னால் வருகிற மாதிரிப் பட்டால் கடை ஒன்றுக்குள் ஏறி, கல்லாவில் இருக்கிற அக்காவிடமோ ஐயாவிடமோ சொல்லுங்கள், மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், சில நேரம் தேவைக்கு அதிகமாகவே. பொலிஸ் 119, பெண்களுக்கான உதவி 1938, ஆம்புலன்ஸ் 1990.

திரும்புதல்

இரவு ரயிலென்றால் ஒரு மணிநேரம் முன்னதாக நிலையத்தில் இருங்கள், முன்பதிவு இல்லாத பெட்டியில் இடம் பிடிக்கிறவர்கள் அதற்கும் முன்னதாக. இராச்சாப்பாட்டை நகரத்திலேயே பார்சல் கட்டிக்கொள்ளுங்கள், இடியப்பப் பார்சலென்றால் சொதியைத் தனிப் பையில் கேட்டு வாங்குங்கள், சேர்த்து ஊற்றினால் வெலிக்கந்தை வருவதற்குள் களியாகிவிடும். தயிர்ச்சட்டி கொண்டுபோக ஆசைப்பட்டால் கடைசியாக வாங்குங்கள், நாள் முழுக்க வெயிலில் தூக்கித் திரிந்தால் புளித்துவிடும். கடைக்காரரிடம் தூரப்பயணம் என்று சொன்னால் வாய்க்கு இன்னொரு தாள் வைத்து இறுக்கிக் கட்டித் தருவார். மேல்தட்டில் வைக்காதீர்கள், வண்டி குலுங்கும்போது அது யாருடைய தலையில் இறங்கும் என்று சொல்ல முடியாது. காலடியில், இரண்டு செருப்புக்கும் நடுவில் வையுங்கள்.